மனுவும் வழக்கும்: ஐரோப்பிய மனித உரிமை மன்றத்தைச் சேரியிலிருந்து பார்த்தல்

1

தமிழில் ‘மனு’ என்றால் இரண்டு. யார் எங்கே குடியிருக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று சட்டம் எழுதி வைத்தவன் பெயர் ஒன்று. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நம் சனங்கள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற காகிதம் இன்னொன்று. முதல் மனு நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினான். இரண்டாவது மனு நம்மை ஆபீசுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் மனு எழுதுகிற வேலை பத்துப் பன்னிரண்டு வருஷமாக என் தலையில்தான் விழுகிறது. குடிசைக்குப் பட்டா, காண்ட்ராக்டரிடமிருந்து வராத கூலி, சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ். விஷயம் எதுவானாலும் மனுவின் மொழி ஒன்றுதான். ‘மதிப்பிற்குரிய அய்யா’ என்று தொடங்கும். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று நடக்கும். ‘கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு’ என்று குனிந்து முடியும். அந்த மொழியை மாற்றி எழுதியும் பார்த்திருக்கிறேன். ‘சட்டப்படி தரவேண்டியதை நீங்கள் தரவில்லை’ என்று எழுதிக்கொண்டு போன காகிதத்தை ஓர் ஆபீசில் வாங்கவே மறுத்துவிட்டார்கள். ‘மனு மாதிரி எழுதி எடுத்துனு வாங்க’ என்றார்கள்.

வழக்கு என்பது வேறு. வழக்கில் ‘எதிர்’ என்று ஒரு சொல் வரும். இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர், நடுவில் ‘எதிர்’. அந்தச் சொல் விழுந்தவுடன் இரண்டு தரப்பும், சட்டத்தின் கண்ணுக்காவது, ஒரே தரையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் மனித உரிமைகள் எப்படிப் பாதுகாக்கப்படுகின்றன என்று கருத்தரங்குகளில் பேசுகிறபோதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு சொல்தான். ஒரு சேரிப்பிள்ளையின் பெயருக்கும் ஒரு குடியரசின் பெயருக்கும் நடுவில் ‘எதிர்’ என்று எழுதுவதற்கு, அந்த நாட்டுக்கு வெளியே அங்கே ஒரு மன்றம் இருக்கிறது. அது எப்படி வந்தது? யாருக்கு உதவியது? யாரை வெளியே விட்டது? நமக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

நம் தோழர்களிடையே இதுபற்றி இரண்டு போக்குகள் உண்டு. ‘வெள்ளைக்காரன் நாட்டுல நாய்க்குக்கூட உரிமை உண்டு’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது ஒன்று. ‘மனித உரிமை என்பதே ஏகாதிபத்தியச் சரக்கு’ என்று தூக்கி எறிவது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு.

2

ஊர்க்காரன் செய்த கொடுமையை ஊர்க்காரனிடமே முறையிட முடியாது. இது நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்த பாலபாடம். அடித்தவன், பஞ்சாயத்தில் உட்கார்ந்தவன், மணியக்காரன், கணக்கன் எல்லாரும் ஒரே தெருவில் இருந்தார்கள். எனவே தலித்துகளின் உரிமை வரலாறு என்பது பெரும்பகுதி, ஊருக்கு வெளியே ஒரு காது தேடி அலைந்த வரலாறுதான்.

1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பின்னாலேயே துறைமுகமும் மில்களும் வந்தன. கிராமங்களிலிருந்து நம் சனங்கள் இந்தப் பக்கம் வந்து மூட்டை தூக்கினார்கள், கரி அள்ளினார்கள், நூல் ஓட்டினார்கள். கூலி ஒரு காரணம். இங்கே ஊர்க்கண் இல்லை என்கிற நம்பிக்கை இன்னொரு காரணம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பது 1921இல் தெரிந்துபோனது.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் மில்கள். 1918இல் அங்கே தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி நாம் பெருமையாகவே படித்திருக்கிறோம். 1921 ஜூனில் வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. தொடர்ந்து இரு தரப்பிலும் மோதல்கள். ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிற்சங்க வரலாறுகளில் இந்த இடம் வரும்போது பேனா சற்று வேகமாக ஓடும். ‘கருங்காலிகள்’ என்ற ஒரு சொல்லில் நம் ஆட்களை முடித்துவிடுவார்கள். சங்கம் எல்லாத் தொழிலாளருக்கும் பொது என்றால் குடிசைகள் மட்டும் ஏன் சாதி பார்த்து எரிந்தன என்று கேட்டவர்கள் குறைவு.

எரிந்த குடிசைக்காரர்கள் யாரிடம் போனார்கள்? வெள்ளை அரசாங்கத்திடம். அரசாங்கம் அவர்களை முகாம் போட்டுத் தங்க வைத்தது. ‘ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள்’ என்று அன்றைக்குப் பிராமணரல்லாதார் அரசியலிலிருந்தே கூச்சல் எழுந்தது. ஆனால் வெள்ளைக்காரன் கதவைத் திறந்தது நம்மேல் உள்ள பாசத்தாலா? மில் ஓடணும். அவ்வளவுதான். மில் ஓடத் தொடங்கியதும் கதவைத் திறந்து வைக்க அவனுக்குக் காரணம் இல்லை.

இதற்கு முன்னாலும் இதே தேட்டம் இருந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, அப்படி நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம் தலைமேல் உட்காருவார்கள் என்று சொல்லி இரட்டைமலை சீனிவாசன் 1893இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இதைத் ‘தேசத் துரோகம்’ என்று படிப்பவர்கள் படிக்கட்டும். நீதிபதி எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கேட்ட மனு அது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அதே சீனிவாசன் உட்கார்ந்தார். பறையர் மகாஜன சபையைத் தொடங்கியவர், நாற்பது வருஷம் கழித்து, பேரரசின் மேசையில்.

ஆனாலும் அதுவும் மனுதான். மேசை அவனுடையது, நாற்காலி அவனுடையது, கேட்பதும் விடுவதும் அவன் இஷ்டம். கருணையால் திறந்த கதவு கணக்கு மாறினால் மூடும். பேரரசு போகப்போகிறது என்றானதும் அம்பேத்கர் வேறு திசையில் பார்த்தார். 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டார். தீண்டப்படாதவர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற யோசனை அவருக்கு இருந்தது.

3

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே இரண்டு அமைப்புகளை நம்மவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் என்பது சந்தை, நாணயம், எல்லை பற்றிய கூட்டமைப்பு. நாம் பேசுவது 1949இல் உருவான ஐரோப்பிய கவுன்சிலைப் பற்றி. இன்று அதில் 46 நாடுகள். உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் 2022இல் ரஷ்யா வெளியேற்றப்பட்டது. இந்தக் கவுன்சில்தான் 1950 நவம்பர் 4ஆம் தேதி ரோம் நகரில் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 1953 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1959இல் மன்றம் அமைந்தது.

இந்த உடன்படிக்கை வருவதற்குச் சரியாக இரண்டு வருஷத்துக்கு முன், 1948 நவம்பர் 4 அன்று, அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சட்டத்தை முன்வைத்துப் பேசினார். கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களை நோக்கி, கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் மண்டிக் கிடக்கும் இடம், எனவே தனிமனிதரே அலகு என்று வாதிட்டார். தேதி பொருந்துவது தற்செயல். சிந்தனை பொருந்துவது தற்செயலில்லை. ஹிட்லரின் ஜெர்மனியில் கொலைகள் சட்டம் போட்டு, கெஜட்டில் அச்சடித்து, நீதிபதி கையெழுத்தோடு நடந்தன. அரசு குற்றம் செய்தால் அந்த அரசே அதை விசாரிக்க முடியாது என்பது ஐரோப்பாவுக்கு அப்போது உறைத்தது. சேரிக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பாடத்தை ஐரோப்பா கோடிக்கணக்கான பிணங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மன்றம் வேலை செய்கிற விதம் இப்படி. முதலில் உன் நாட்டு நீதிமன்றங்களில் கடைசிப்படி வரை ஏற வேண்டும். அங்கே நீதி கிடைக்கவில்லையென்றால், இறுதித் தீர்ப்பு வந்த நான்கு மாதத்துக்குள் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு எழுதலாம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. அந்த நாட்டின் அதிகாரத்துக்குள் யார் இருந்தாலும் போதும். நாட்டுக்கு ஒரு நீதிபதி. தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பு வந்த பிறகு அதை அந்த நாடு நிறைவேற்றியதா என்று அமைச்சர்கள் குழு ஒன்று விடாமல் கண்காணிக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. தனிமனிதர் அரசுமேல் வழக்குப் போடலாம் என்பது முதலில் அந்தந்த அரசு விரும்பினால்தான். பிரிட்டன் இதை 1966இல்தான் ஏற்றது. பிரான்ஸ் உடன்படிக்கையை உறுதி செய்ததே 1974இல், தனிமனிதர் முறையீட்டை ஏற்றது 1981இல். ஏன் இத்தனை தாமதம்? ரோமில் கையெழுத்துப் போட்ட நாடுகளில் பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து எல்லாம் அன்றைக்குக் காலனிகளை வைத்திருந்தவை. காலனிகளுக்கு உடன்படிக்கையை நீட்டுவதா வேண்டாமா என்பதை ஆள்பவனின் விருப்பத்துக்கே விட்டு ஒரு பிரிவு எழுதி வைத்துக்கொண்டார்கள். கென்யாவிலும் அல்ஜீரியாவிலும் முகாம்களும் சித்திரவதையும் நடந்த வருஷங்களும் ‘மனித உரிமை’ பிறந்த வருஷங்களும் ஒன்றே. நாடுகள் விருப்பப்பட்டால்தான் என்ற நிலை 1998 நவம்பரில்தான் ஒழிந்தது. அன்றிலிருந்து எல்லா உறுப்பு நாட்டின்மீதும் எவரும் வழக்குத் தொடுக்கலாம்.

தமிழர்களும் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். 1988இல் பிரிட்டன் திருப்பி அனுப்பிய ஈழத்தமிழ் இளைஞர் ஐவரின் வழக்கில் 1991இல் மன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கைவிரித்தது. 2008இல் இன்னொரு ஈழத்தமிழர் வழக்கில், அவரைத் திருப்பி அனுப்பினால் சித்திரவதைக்கு எதிரான பிரிவு மீறப்படும் என்று தீர்ப்பளித்தது. முதலில் தோற்ற இடத்தில் பின்னால் வென்றார்கள். ஆனால் முதல் ஐவர் பட்டது பட்டதுதான்.

4

ஐரோப்பாவிலும் சேரி உண்டு. நாம் ஜிப்ஸி என்று கேட்டுப் பழகிய மக்கள் அவர்கள். அது மற்றவர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் ரோமா என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ரோம்’ என்ற சொல்லையும் வட இந்தியாவின் தீண்டப்படாத சாதியான ‘டோம்’ என்ற பெயரையும் இணைத்துப் பார்க்கிற மொழியியலாளர்களும் உண்டு. நாஜிகள் அவர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். உடன்படிக்கையை மேற்கு ஜெர்மனி உறுதி செய்த பிறகும், 1956இல் அந்நாட்டு உச்ச வழக்கு மன்றம், 1943க்கு முன் ரோமாக்கள்மீது நடந்தது இன ஒடுக்குமுறை ஆகாது, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்ற பொருளில் தீர்ப்பு எழுதி நஷ்டஈட்டை மறுத்தது. இனப்படுகொலை என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது 1982இல். நம்முடைய குற்றப்பரம்பரைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களின் இரண்டு வழக்குகளை நாம் படித்தே ஆகவேண்டும்.

முதலாவது ருமேனியாவில் ஹதரேனி என்ற கிராமம். 1993 செப்டம்பர் 20 மாலை ஒரு தகராறில் ரோமா அல்லாத இளைஞன் ஒருவன் கத்திக்குத்துப்பட்டுச் செத்தான். ஊர் திரண்டது. ஒரு வீட்டுக்குள் ஒளிந்த ரோமாக்களோடு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். வெளியே ஓடிவந்த இருவரை அடித்தே கொன்றார்கள். ஒருவர் உள்ளேயே கருகினார். அன்றிரவு ரோமாக்களின் பதின்மூன்று வீடுகள் அழிந்தன. போலீஸ் அங்கே இருந்தது. போலீஸ்மீதான விசாரணையை ராணுவ வழக்குரைஞர்கள் கைவிட்டார்கள். வீடிழந்தவர்கள் குளிர்காலத்தில் கோழிக்கூட்டிலும் தொழுவத்திலும் நிலவறையிலும் குடியிருந்தார்கள். உள்ளூர் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே ரோமாக்களின் நேர்மையையும் வாழ்க்கை முறையையும் இழித்து எழுதியிருந்தார்கள்.

இது நமக்குப் புதுக்கதையா? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற ரீதியில் தீர்ப்பு பேசியது. ஹதரேனிக்காரர்களுக்கு அந்த இடத்துக்குப் பிறகும் ஒரு படி இருந்தது. 2005 ஜூலை 12 அன்று ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு வந்தது. ருமேனியா உடன்படிக்கையில் சேர்ந்தது 1994இல் என்பதால் கொலையையும் தீவைப்பையும் மன்றத்தால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அதற்குப் பின் அரசு நடந்துகொண்ட விதத்தை எடுத்துக்கொண்டது. கோழிக்கூட்டில் குடியிருக்க விட்டதும் அதிகாரிகள் பேசிய பேச்சும் சேர்ந்து மனிதரை இழிவுபடுத்தும் நடத்தை என்றது. நீதிமன்றம் எழுதிய இழிசொற்களையே பாகுபாட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. நீதிபதியின் வாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற, அந்த நீதிபதிக்கு வெளியே ஓர் இடம் வேண்டியிருந்தது. வெண்மணிக்குக் கிடைக்காதது அதுதான்.

இரண்டாவது செக் குடியரசின் ஆஸ்ட்ராவா. கரியும் இரும்பும் விளைந்த தொழில் நகரம், நம்ம எண்ணூர் மாதிரி. அங்கே ரோமாப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகளைவிட ரோமாப் பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போவதற்கான வாய்ப்பு 27 மடங்கு. 18 பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். ‘டி.எச். மற்றும் பிறர் எதிர் செக் குடியரசு’. அரசு சொன்ன பதில்: நாங்கள் சாதி பார்க்கவில்லை, உளவியல் சோதனை வைத்தோம், பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள். 2006இல் பிள்ளைகள் தோற்றார்கள், ஆறுக்கு ஒன்று. மேலமர்வுக்குப் போனார்கள். 2007 நவம்பர் 13 அன்று பதின்மூன்றுக்கு நான்கு என்று வென்றார்கள். நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விளைவைக் காட்டுகிற புள்ளிவிவரம் போதும் என்றது மன்றம். பாகுபாட்டுக்கு ஆளாவதற்குச் சம்மதம் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கவே முடியாது என்றும் சொன்னது.

கையெழுத்துப் போட்ட பெற்றோரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சாக்கடைக் குழிகள் ஞாபகம் வந்தன. ‘அவங்களா இஷ்டப்பட்டுத்தான் எறங்கினாங்க’ என்று ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் கேட்டிருக்கிறோம். காலையில் வேலைக்குப் போகாவிட்டால் சாயங்காலம் அடுப்பு எரியாதவனின் ‘இஷ்டம்’ அது.

5

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. அனுமதி அளவு 400. அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியிருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு மக்கள் கேட்ட முதல் கேள்வி நஷ்டஈடு பற்றியதில்லை. ‘அந்தக் கொழாய்ல இன்னா போவுதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?’ என்று ஒரு ஆயா கேட்டார். ‘காத்து அடிக்கிற பக்கம் ஓடணுமா, எதிர்ப்பக்கம் ஓடணுமா? அதுகூட தெரியாம ஓடுனோம் நைனா.’

இத்தாலியில் மான்ஃப்ரெடோனியா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கேயும் ஓர் உரத் தொழிற்சாலை. 1976இல் அம்மோனியா பிரிவில் ஒரு கோபுரம் வெடித்து ஆர்சனிக் கலந்த கழிவு பரவியதில் 150 பேர் விஷம் ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருந்த நாற்பது பெண்கள் 1988இல் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு எழுதினார்கள். 1998 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு. பக்கத்தில் உள்ள ஆபத்து என்ன, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தை மக்களுக்குத் தராமல் இருந்ததே அவர்களின் வீட்டு வாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் உள்ள உரிமையை மீறியது என்றது மன்றம். அந்த ஆயாவின் கேள்வி அங்கே சட்டமாகியிருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டுப் பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தபோது அந்த ஆலை உரம் தயாரிப்பதையே நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்ட்ராவாவில் வென்ற பிள்ளைகளும் தீர்ப்பு வந்தபோது பள்ளி வயதைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலும் நீதி நடந்துதான் வருகிறது.

6

அப்படியானால் நாம் ஏன் அங்கே போக முடியவில்லை? ஆசியாவில் அப்படி ஒரு மன்றமே இல்லை. ஐரோப்பாவுக்கு உண்டு, அமெரிக்கக் கண்டத்துக்கு உண்டு, ஆப்பிரிக்காவுக்கு உண்டு. நமக்கு இல்லை. ஐ.நா. பக்கம் போகலாமே என்றால், இந்தியா 1968இல் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையையும் 1979இல் குடிமை உரிமை உடன்படிக்கையையும் ஏற்றது. ஆனால் தனிமனிதர் அங்கே முறையிடலாம் என்ற பிரிவை இரண்டிலும் ஏற்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. வீட்டுக்குக் கதவு வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டுக்கொண்ட கதை.

இனப்பாகுபாடு உடன்படிக்கையில் ‘வம்சாவளி’ என்ற சொல் இருக்கிறது. 1965இல் அதை வரையும்போது அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று ஐ.நா. குழு 1996இல் இந்தியாவிடமே சொன்னது. 2002இல் பொதுப் பரிந்துரையாகவே எழுதிவிட்டது. இந்தியா ஒப்பவில்லை. 2001இல் டர்பன் மாநாட்டுக்கு நம் தோழர்கள் திரளாகப் போய் முரசடித்தபோதும் ‘சாதி எங்கள் உள்விவகாரம்’ என்றது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் தீண்டாமையை நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசினார். இரண்டே மாதத்தில் அவர் அரசின் பிரதிநிதிகள் ஐ.நா. குழுவின் முன் உட்கார்ந்து, சாதி இந்த உடன்படிக்கையில் வராது என்றார்கள். ‘உள்விவகாரம்’ என்ற சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? ‘எங்க ஊர் விவகாரம், வெளியாள் தலையிடாதே’ என்று பஞ்சாயத்தில் சொல்வார்களே, அதுவே கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு ஜெனீவாவுக்குப் போயிருக்கிறது.

ஐரோப்பியப் பாராளுமன்றம் 2007லும் 2013லும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. நல்லது. தீர்மானத்துக்குப் பல் கிடையாது. பிரிட்டனில் சாதி கப்பலேறிப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதால் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்கும் வாய்ப்பு வைத்தார்கள், 2013இல் சேர்த்தே ஆகவேண்டும் என்று திருத்தினார்கள். அங்குள்ள இந்து அமைப்புகள் எதிர்த்தன. 2018இல் அரசு பின்வாங்கியது. இடையில், இந்தியாவிலிருந்து கூட்டிப்போய்ச் சொற்பக் கூலிக்கு வீட்டு வேலையில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண் போட்ட வழக்கில், சாதி என்ற சொல் சட்டத்தில் இல்லாவிட்டாலும் இனவழித் தோற்றம் என்பதற்குள் அது வரலாம் என்று 2014இல் தீர்ப்பாயம் சொன்னது. மறு வருஷம் அவருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் பவுனுக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். பாராளுமன்றம் முடிக்காததை ஒரு வீட்டு வேலைக்காரியின் ‘எதிர்’ கொஞ்சம் நகர்த்தியது.

7

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவு இருக்கிறது. அதை அரசியல் சட்டத்தின் இதயம், ஆன்மா என்று அம்பேத்கர் சொன்னார். அதுவும் ‘எதிர்’ என்ற சொல்தான். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதன் முனையை மழுக்கியபோது ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கத் தலித்துகள் தெருவில் இறங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள், ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1993இல் தேசிய மனித உரிமை ஆணையமும் 1997இல் தமிழ்நாட்டு ஆணையமும் வந்தன. ஆணையம் பரிந்துரைக்கும், கட்டளையிடாது. சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் விசாரிக்கவும் முடியாது. பெயர் உரிமை ஆணையம், உள்ளே இருப்பது மனு.

சாக்கடைச் சாவுகளை எடுத்துக்கொள்வோம். துப்புரவுத் தொழிலாளர் அமைப்பு 2003இல் உச்சநீதிமன்றம் போனது. 2013இல் சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது: 1993 முதல் குழிக்குள் செத்த எல்லாருடைய குடும்பத்துக்கும் பத்து லட்சம். 2023 அக்டோபர் 20 அன்று இன்னொரு தீர்ப்பு, இனி முப்பது லட்சம். சட்டம் உண்டு, தீர்ப்பு உண்டு. ஆனாலும் தீர்ப்பின் பலன் ஒரு குடும்பத்துக்கு வந்து சேர, அந்த விதவை மறுபடியும் ‘கருணை கூர்ந்து’ என்று எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறுகிறார். வழக்கில் வென்றதை மனுப்போட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே தீர்ப்பு வழக்கின் முடிவாகாது. ஆஸ்ட்ராவாத் தீர்ப்பை செக் அரசு எப்படி நிறைவேற்றியது என்று பல வருஷங்களாக அமைச்சர்கள் குழு கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைக்கணக்கைக் கொண்டுவா, இன்னும் எத்தனை ரோமாப் பிள்ளைகள் தனிப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று காட்டு என்றது. ரோமா இயக்கங்கள் அரசின் கணக்குக்கு எதிராகத் தங்கள் கணக்கை எழுதி அனுப்பின.

நமக்கு அந்தக் குழு இல்லை. ஆனால் கணக்கு எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதே என்று சொல்லிக் கொடுப்பது, செத்தவர் இறங்கிய குழி எந்தத் தெருவில், காண்ட்ராக்டர் யார், உத்தரவு போட்டவர் யார் என்று அன்றைக்கே எழுதி வைப்பது, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதிலைப் பத்திரமாய் வைப்பது, தீர்ப்பு நிறைவேறாத குடும்பங்களின் பட்டியலைப் பேட்டைவாரியாகப் போடுவது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இந்த வேலையைச் செய்ய ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 18 பிள்ளைகள் ஒரு குடியரசை வென்றது ஒரு நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்த கணக்கால்தான்.

தலித் இலக்கியம் சாட்சியத்தின் இலக்கியம் என்று பல காலமாகச் சொல்லி வருகிறோம். சாட்சியம் என்பது நீதிமன்றச் சொல்லும்கூட. நம் கதைகளிலும் தன்வரலாறுகளிலும் தேதி, இடம், பெயர், ரசீது ஆகியவற்றுக்கும் இடம் வரட்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கிற மாணவத் தோழர்கள் அடுத்த முறை சேரிக்கு ஒரு மனு எழுத உட்காரும்போது, ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதட்டும். திருப்பிக் கொடுத்தால், திருப்பிக் கொடுத்த தேதியையும் எழுதிக்கொள்ளட்டும்.